மாணிக்கத் தட்டில் ஊத் எண்ணெய்



போன வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு வெளிக்கிட்டு நிற்கும்போது, கட்டாரில் இருந்து லீவில் வந்திருக்கும் மச்சான் சின்னக் குப்பி ஒன்றைத் திறந்து என் புறங்கையில் ஒரு பொட்டுத் தொட்டு வைத்தார். மணந்து பார்த்தேன்.

"என்ன மச்சான் இது, மாட்டுப்பட்டி மணம் அடிக்குது?"

"அவசரப்படாதீங்க மச்சான். தொழுதுட்டு வந்து மணந்து பாருங்க."

தொழுதுவிட்டு வரும்போது பட்டி மணம் போய்விட்டது. பழைய மரப்பெட்டியைத் திறந்தது போல இருந்தது. அஸர் நேரத்தில் அதில் தேன் கலந்த மாதிரி ஓர் இனிப்பு. மறுநாள் சுபஹுக்கும் சட்டைக் கையில் அந்த மணம் இருந்தது. அதுதான் கலப்பில்லாத ஊத் எண்ணெய். மரத் துண்டுகளை நாள்கணக்கில் தண்ணீரில் ஊறப்போட்டுப் புளிக்க வைத்த பிறகுதான் காய்ச்சி வடிப்பார்கள். முதலில் வரும் பட்டி மணம் அந்தப் புளிப்பினால் வருவது.

அரபியில் 'ஊத்' என்றால் மரம், கட்டை என்றுதான் பொருள். தமிழில் இதற்கு அகில் என்று சொந்தப் பெயரே இருக்கிறது. சங்க காலப் பெண்கள் கூந்தல் உலர்த்தப் புகைத்தது இந்த அகிலைத்தான். போர்த்துக்கேயர் மலபார்க் கரையில் கேட்ட அந்தப் பெயரை 'அகிலா' என்று எழுத, அது அவர்கள் மொழியில் கழுகைக் குறிக்கும் சொல்லோடு குழம்பி, ஆங்கிலத்தில் 'ஈகிள்வுட்', அதாவது கழுகு மரம் ஆகிவிட்டது. மரத்துக்கும் கழுகுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

நமக்கு இது சுன்னத்தோடும் சேர்ந்த மணம். இப்னு உமர் (ரழி) அவர்கள் அகிலைத் தனியாகவும், சில வேளை கற்பூரம் சேர்த்தும் புகைப்பார்கள் என்றும், நபி (ஸல்) அவர்கள் இப்படித்தான் புகைத்தார்கள் என்று சொல்வார்கள் என்றும் ஸஹீஹ் முஸ்லிமில் வருகிறது. ஒன்பதாம் நூற்றாண்டில் அல்கிந்தி வாசனைத் திரவியங்களுக்கும் வடித்தலுக்கும் என்றே ஒரு நூல் எழுதினார். நூற்றுக்கு மேற்பட்ட செய்முறைகள் அதில் உண்டு. வாசனை வடிப்பதைக் கண்டுபிடித்தவர் இப்னு சீனா என்று நம்மவர்கள் அடிக்கடி பகிர்கிறார்கள். இப்னு சீனா பிறந்தது 980இல். அல்கிந்தி அதற்கு நூறு வருடத்துக்கு முன்பே மவுத்தாகிவிட்டார். நம்முடைய பெருமையைச் சொல்லும்போதும் சரியாகச் சொல்வோம்.

இனி நம் நாட்டுக் கதை. 1344இல் இப்னு பதூதா புத்தளம் கரையில் இறங்கினார். அங்கே ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்தார். உள்ளங்கை அளவு மாணிக்கத் தட்டு ஒன்றை அந்த மன்னரிடம் கண்டதாகவும், அதில் ஊத் எண்ணெய் இருந்ததாகவும் எழுதுகிறார். இவர் வியந்து போக, இதைவிடப் பெரிதும் நம்மிடம் இருக்கிறது என்றாராம் மன்னர். ஏறக்குறைய 680 வருடத்துக்கு முன் இந்த மண்ணில், ஒரு தமிழ் மன்னரின் சபையில், என் புறங்கையில் பட்ட அதே பொருள்! அந்த எண்ணெய் இலங்கை மரத்தில் வடித்தது என்று இப்னு பதூதா எழுதவில்லை. அவர் எழுதாததை நாமும் சேர்க்க வேண்டாம்.

ஆனால் இலங்கையில் அப்படி ஒரு மரம் இருக்கத்தான் செய்கிறது. வல்லப்பட்டை. இரத்தினபுரி, களுத்துறை, காலிப் பக்கத்து ஈரவலயக் காடுகளில் வளர்வது. 1791இல் ஜெர்மன் தாவரவியலாளர் கார்ட்னர் சிங்களப் பெயரையே சேர்த்து இதற்கு 'கைரினொப்ஸ் வல்லா' என்று பெயர் வைத்தார். ஊர் மக்கள் பட்டையை உரித்துக் கயிறாகக் கட்டுவதற்குப் பயன்படுத்தினார்கள். 2012இல்தான் ஸ்ரீ ஜயவர்தனபுர பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதன் உள்ளே அகில் வகைப் பிசின் இருப்பதை ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள். பெயர் வைத்து 221 வருடம் கழித்து!

அதோடு மரத்துக்குக் கஷ்ட காலமும் வந்தது. நோய் நொடி இல்லாத வல்லப்பட்டை மரத்தில் மணம் கிடையாது. வெளிறிய, பாரமில்லாத கட்டைதான். பூச்சி துளைத்தோ கொப்பு முறிந்தோ காயம் பட்டு, அதில் பூஞ்சணம் பிடித்தால், மரம் தன்னைக் காக்கப் பிசின் சுரக்கும். அந்த இடம் கறுத்துக் கனக்கும். நல்ல அகில் தண்ணீரில் தாழ்ந்துவிடும். சீனர்கள் அதற்கு 'தாழும் வாசனை' என்றே பெயர் வைத்தார்கள். ஆக, நாம் பூசிக்கொள்வது ஒரு மரத்தின் ஆறாத காயத்தை. எந்த மரத்தில் அந்தக் காயம் இருக்கிறது என்று வெளியில் இருந்து பார்த்துச் சொல்வது கஷ்டம். களவாக வெட்டுகிறவன் எல்லாவற்றையும் வெட்டிப் பார்க்கிறான்.

2005இல் இருந்து இந்த இன மரங்களின் சர்வதேச வியாபாரம் சைட்டீஸ் உடன்படிக்கையின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. அனுமதி இல்லாமல் வெட்டுவதும் கொண்டுபோவதும் இலங்கைச் சட்டப்படி குற்றம். கட்டுநாயக்காவில் சுங்க அதிகாரிகள் பயணப் பொதிகளில் இருந்து வல்லப்பட்டையைப் பிடித்த செய்தி எத்தனை தடவை பத்திரிகையில் வந்துவிட்டது.

ஊரில் வீட்டுக்கு வீடு யாராவது ஒருவர் வளைகுடாவில் இருக்கிறார். வெளிநாடு போகும் தம்பிமாரிடம் சொல்வது இதுதான்: தெரியாத ஒருவர் "இது கொஞ்சம் மரத்தூள்தான், துபாயில் ஒரு ஆள் வந்து எடுத்துக்கொள்வார்" என்று பொதி தந்தால் கையால் தொடாதீர்கள். ஊத் வாங்குகிறவர்களும் தோட்டத்தில் நட்டு வளர்த்த மரத்தில் எடுத்ததா என்று கேட்டு வாங்குங்கள். அகில் மரங்களை இப்போது தோட்டமாகவே வளர்க்கிறார்கள், நம் நாட்டிலும் வளர்க்கிறார்கள். மச்சானின் குப்பியிலும் அதைத்தான் முதலில் தேடிப் பார்த்தேன். ஒன்றும் எழுதியிருக்கவில்லை. திரும்பிப் போனதும் கடையில் கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.

மணம் பூசுவது சுன்னத். களவெடுத்த மணத்தோடு சஃபில் நிற்க நமக்கு மனம் வருமா?

வல்ல அல்லாஹ் நம் எல்லோருக்கும் ஹலாலானதைப் போதுமாக்கித் தருவானாக.