ஆழ்மூளைத் தூண்டலும் பெல்மதுளையின் தூரமும்

மூளைக்குள் மின்துடிப்பு செலுத்தும் ஆழ்மூளைத் தூண்டல் பார்க்கின்சன் நோயைக் குணப்படுத்துவதில்லை. நடுமூளையில் டோபமின் சுரக்கும் உயிரணுக்கள் அழிவதால் வரும் நோய் அது. அந்த அழிவை இச்சிகிச்சை தடுத்ததாக நிறுவப்படவில்லை. டோபமினை ஈடுசெய்யும் லெவோடோபா மாத்திரையின் பலன் சில மணிநேரம் வந்து பின் வடிந்துபோகும் கட்டத்தில், அதே பலனை நாள் முழுவதும் சீராக நீட்டித் தருவதே தூண்டலின் வேலை. மாத்திரைக்கு இளகாத விறைப்பும் மந்தமும் பெரும்பாலும் மின்சாரத்துக்கும் இளகுவதில்லை. நடுக்கம் ஒன்றே குறிப்பிடத்தக்க விதிவிலக்கு. எனவே இலங்கையின் பெல்மதுளை போன்ற தோட்டப்புறங்களில் இச்சிகிச்சை பற்றிய கேள்வி சத்திரசிகிச்சைக் கூடத்தில் தொடங்குவதில்லை; நோயை இனங்கண்டு மாத்திரையின் பலனை அறிவதில் தொடங்குகிறது.

1987இல் பிரான்சின் கிரெனோபிள் நகரில் நரம்பியல் சத்திரசிகிச்சை நிபுணர் அலிம்-லூயி பெனபிட் மூளையின் ஆழத்திலுள்ள தலாமசில் சத்திரசிகிச்சை செய்தபோது, வேகமான மின்துடிப்பு நடுக்கத்தை அடக்குவதைக் கண்டார். 1990இல் அமெரிக்க நரம்பியலாளர் மாலன் டிலோங்கின் குழு, எம்பிடிபி என்ற நச்சால் பார்க்கின்சன் நிலைக்கு உள்ளாக்கிய குரங்குகளில் தலாமசின் கீழ்க்கருவை அழித்ததும் அவை மீண்டும் இயல்பாக அசையத் தொடங்கின. கிரெனோபிள் குழு 1993இல் அக்கருவையே தூண்டத் தொடங்கியது.  

இன்றைய முறையில் மெல்லிய மின்முனைகள் மூளைக்குள் இறங்குகின்றன. தோலடியில் ஓடும் கம்பி அவற்றைக் காறையெலும்பின் கீழ் பதித்த துடிப்புக் கருவியுடன் இணைக்கிறது. துடிப்பு பெரும்பாலும் விநாடிக்கு 130 அளவில் அமைகிறது. தகுதியை அறியும் சோதனை எளியது: இரவு முழுவதும் மருந்தை நிறுத்தி, காலையில் அசைவை அளந்து, லெவோடோபா கொடுத்து மறுபடி அளப்பது. ஏறத்தாழ 30 வீத முன்னேற்றமாவது தெரிய வேண்டும். மறதிநோய் முற்றியவர்களுக்கு இச்சிகிச்சை ஏற்றதல்ல.

இச்சோதனைக்கு முன் நோய் அடையாளம் காணப்பட வேண்டும். வைத்தியர் பெருவிரலையும் சுட்டுவிரலையும் தட்டச் சொல்லி, அசைவு வரவரச் சுருங்குகிறதா என்று பார்க்கிறார். கொழுந்து கிள்ளும் கையின் அசைவும் ஏறக்குறைய அதுதான். ஆகவே ஒரு பக்கக் கை மந்தமாவது வைத்தியரின் கண்ணுக்குப் படுமுன் கொழுந்து நிறுக்கும் தராசில் தெரியக்கூடும். அங்கே அது நோயாக அல்ல, குறைந்த கிலோவாகவும் அரைப்பேராகவும் (அரைநாள் சம்பளமாகவும்) பதிவாகும். வயதின் கணக்கிலும் எளிதில் சேர்ந்துவிடும். இறப்பர் மலையில் பால்வெட்டும் கத்தி தடுமாறிப் பட்டையைக் காயப்படுத்துவதும் இப்படியே கவனிக்கத்தக்கது. தோட்ட டிஸ்பென்சரியில் இருப்பவருக்கு இந்த அறிகுறிகளைப் பழக்குவதற்கு ஆகும் செலவு, ஒரு துடிப்புக் கருவியின் விலைக்கு முன் ஒன்றுமில்லை.

சத்திரசிகிச்சைக்குப் பிந்திய காலமே கடினமானது. மின்னழுத்தம், துடிப்பின் அகலம், எந்த முனை என்பதெல்லாம் முதல் மாதங்களில் பலமுறை திருத்தப்படுகின்றன. மாத்திரையின் அளவும் கூடவே மாறுகிறது. பெல்மதுளையிலிருந்து இரத்தினபுரி, அவிசாவளை வழியாகக் கொழும்புக்குச் செல்லும் பாதை நூறு கிலோமீற்றருக்கு மேல். தொழிலாளர் குடியிருப்பான லயத்திலிருந்து பிரதான வீதிக்கு இறங்கும் தூரம் தனி. நாட்சம்பளக் குடும்பத்தில் ஒவ்வொரு பயணமும் நோயாளிக்கும் துணைக்கு வருபவருக்குமாக இரண்டு நாட்சம்பளத்தை இழக்கச் செய்கிறது. தொலைவிலிருந்தே கருவியைத் திருத்தும் முறைக்கு அமெரிக்காவில் 2021இல் அனுமதி கிடைத்தது. அதற்கும் இணைய இணைப்பும் உரிய கருவியும் வேண்டும்.

இந்நிலையில் பழைய முறையை மீண்டும் எண்ணிப் பார்ப்பது நியாயம். 1960களில் சென்னையில் பி. ராமமூர்த்தி, வி. பாலசுப்பிரமணியம், எஸ். கல்யாணராமன் ஆகிய நரம்பியல் சத்திரசிகிச்சை நிபுணர்கள் முப்பரிமாணச் சட்டகத்தின் துணையால் மூளையின் ஆழத்தில் குறிபார்த்துச் சிறு புண் உண்டாக்கும் சிகிச்சையை வளர்த்தார்கள். லெவோடோபா பரவியதும் அம்முறை உலகெங்கும் பின்தள்ளப்பட்டது. அதில் பற்றரி இல்லை, திருத்தம் இல்லை. ஆனால் உண்டாக்கிய புண்ணை மீட்கவும் முடியாது. இருபக்கமும் செய்தால் பேச்சும் விழுங்குதலும் கெடக்கூடும். ஒரு பக்க நடுக்கமே பெருந்தொல்லையாகவும் அடிக்கடி பயணம் இயலாததாகவும் உள்ளவருக்கு அது தாழ்ந்த தெரிவல்ல. இருபக்க விறைப்பும் மருந்தால் வரும் கட்டற்ற அசைவுகளும் உள்ளவருக்குத் தூண்டலே மேல்.

அப்படிக் கருவி பொருத்தப்பட்டால், மின்னேற்ற முடியாத பற்றரியை ஏறத்தாழ மூன்று முதல் ஐந்து ஆண்டுக்கொருமுறை மாற்ற வேண்டும். அது திடீரென நின்றால் உடல் முழுதும் விறைத்து உயிராபத்தும் நேரலாம். உடலுக்குள் வெப்பம் செலுத்தும் டயதெர்மி சிகிச்சை இவர்களுக்கு அறவே கூடாது. அதனால் மூளையில் உள்ள மின்முனை சூடேறும். முதுகுவலிக்காக அருகிலுள்ள வைத்தியசாலைக்குப் போகும் நோயாளி, தன் நெஞ்சில் உள்ள கருவியைப் பற்றி அங்கே முதலில் சொல்ல வேண்டும்.