காரைக்குடிப் பங்களா

காரைக்குடியில், தேவகோட்டைச் சாலையில், செஞ்சைப் பகுதியில் அமைந்திருக்கும் சிறிய தங்கும் விடுதியும் உணவுச்சாலையும் பங்களா என்னும் பெயரால் வழங்குகின்றன. எம்.எஸ்.எம்.எம். குடும்பத்தார்க்கு உரிய இக்கட்டடம், அக்குடும்பத்து ஆடவர் கூடிப் பொழுது போக்கவும், ஐரோப்பிய உத்தியோகஸ்தர் முதலிய விருந்தினரை உபசரிக்கவும் உரிய மனமகிழ் மன்றமாக இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுந்தது; 1990களின் இறுதியில், அக்குடும்பத்தைச் சேர்ந்த மீனாட்சி மெய்யப்பன் அவர்களின் முயற்சியால் ஜீரணோத்தாரணம் செய்யப்பெற்று விடுதியாயிற்று. இத்தகைய மாற்றம் புதிதன்று; பழைய அரண்களையும் மடங்களையும் வழிப்போக்கர் தங்குமிடமாக்கும் ஏற்பாட்டை ஸ்பெயின் அரசாங்கம் 1928ஆம் ஆண்டிலேயே தொடங்கிவிட்டது. நம் தேசத்தில் 1464இல் எழுந்த நீம்ரானாக் கோட்டை 1991இல் விடுதியாகத் திறக்கப்பட்டது. அவற்றோடு ஒப்பிட்டால் பங்களா வயதிலும் அளவிலும் சிறியதே. ஆயினும் செட்டிநாட்டு மனைகளின் பிற்காலச் சரித்திரத்தில் அதற்குரிய ஸ்தானம் மிகப் பெரிது.

அதன் காரணத்தை அறிய, நகரத்தார் என்னும் செட்டிநாட்டு வணிகர் வீடு எதற்காகக் கட்டப்பட்டது என்பதை முதலில் நோக்குதல் வேண்டும். தெருவில் திண்ணையும் முகப்பும் தொடங்கி, நடுவே வானம் பார்த்த முற்றத்தைச் சுற்றிய வளவும், அதன் பின் இரண்டாங்கட்டும் மூன்றாங்கட்டுமாக, ஒரு வீதியிலிருந்து மறு வீதிவரை நீளும் இம்மனைகளைக் காண்போர், பர்மாத் தேக்குத் தூண்களையும், இத்தாலியச் சலவைக் கல்லையும், ஆத்தங்குடிப் பூக்கற்களையும், முட்டையின் வெண்கரு கலந்த சுண்ணாம்புப் பூச்சின் கண்ணாடி போன்ற வழுவழுப்பையும் கண்டு வியந்து, அவ்வளவில் நின்றுவிடுகின்றனர். ஆனால் அவ்வீட்டின் உயிர்நிலை பின்கட்டு அடுப்பங்கரையே என்பது என் துணிபு. மணமான மகனைத் தந்தையின் கூரையின் கீழேயே வைத்து, அவனுக்குத் தனி அறையும் தனி அடுப்பும் தந்து, 'வேறு வைக்கும்' சம்பிரதாயம் இவர்களுக்கு உண்டு. ஆதலின் ஒரே மனையில் பல அடுப்புகள் நாள்தோறும் எரிந்தன. கலியாணம் வந்தால் அத்தனையும் ஓரடுப்பாகி ஊரையே உண்பித்தன. உபசாரத்தின் பொருட்டே வகுத்த வீடு அது.

இவ்வீடுகளைக் கட்டிய செல்வம் கடல் கடந்து வந்தது. 1852ஆம் ஆண்டுப் போருக்குப் பின் கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் வசமாக, நெல் சாகுபடி விருத்தியடைய, உழவர்க்குக் கடன் கொடுக்கும் தொழிலில் நகரத்தார் பெருந்திரளாக ஈடுபட்டனர். 1930ஐ ஒட்டிய உலகப் பொருளாதார மந்தத்தில் கடன் திரும்பாமல், ஈடு வைத்த வயல்களே அவர்கள் கைக்கு வந்து சேர்ந்தன. 1938 அளவில் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் ஜில்லாக்களில் ஏறத்தாழக் காற்பங்கு நிலம் அவர்களுடையதாயிருந்தது. பணத்தைக் கப்பலேற்றலாம், நிலத்தை ஏற்ற இயலாது. 1942இல் ஜப்பானியர் படையெடுப்பும், பின்னர்ச் சுதந்திர பர்மாவின் நிலச் சட்டங்களும் அச்செல்வத்தின் பெரும்பகுதியைத் துடைத்துவிட்டன. எஞ்சிய மூலதனம் ஆலைகளை நாடிற்று. பள்ளத்தூர் முருகப்பா குடும்பத்தார் 1949இல் நிறுவிய டி.ஐ. சைக்கிள் கம்பெனி சென்னைக்கு மேற்கே அம்பத்தூரில் இடங்கொண்டதும் அக்காலத்து நிகழ்ச்சியே. இன்று அம்பத்தூரை அடுத்த கள்ளிக்குப்பம் போன்ற ஊர்களில் நெருங்கி வாழும் ஜனங்களில் பலருக்கு, அத்தொழில் வட்டாரத்தின் வளர்ச்சிக்கும் செட்டிநாட்டில் பூட்டிக் கிடக்கும் வீடுகளுக்கும் உள்ள இத்தொடர்பு தெரிந்திராது. குடும்பங்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தன. பங்காளிகள் பெருகி, பழுது பார்க்க ஒருமித்த மனமும் பொருளும் இன்றி, எத்தனையோ மனைகள் பிரிக்கப்பட்டன. அவற்றின் தூண்களும் கதவுகளும் காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருப் பழம்பொருட் கடைகளில் விலைக்கு வந்தன.

இந்நிலையிலேதான் பங்களா திறக்கப்பட்டது. அது வளவும் கட்டுகளும் உடைய வீடு அன்று. ஆகையால் தூண்களைக் காட்டி விருந்தினரை ஈர்க்கும் வழி அதற்கு இல்லை. அது இலையை நம்பிற்று. விருந்துச் சமையலில் கைதேர்ந்த சமையற்காரர்களை அமர்த்தி, வாழையிலையில் முறைப்படி பரிமாறும் உணவையே அதன் முதன்மையாக்கினர். செட்டிநாட்டுச் சமையல் என்ற பெயரால் நகரத்து உணவுக் கடைகள் வெறும் காரத்தையே விற்று வந்த காலத்தில், கல்பாசி, மராட்டி மொக்கு, அன்னாசிப்பூ ஆகியவற்றை அளவறிந்து சேர்க்கும் நுட்பத்தையும், வெள்ளைப் பணியாரம், கந்தரப்பம், கும்மாயம், கவுனி அரிசி இனிப்பு ஆகியவற்றின் மென்மையையும் வெளியூரார் அங்கே உணர்ந்தனர். மன்ற காலத்து ஐரோப்பியச் சாயலும் அச்சமையலில் சற்றே படிந்துள்ளது. அதையும் மறையாமல் போற்றியது நல்ல செயல். இவ்வுணவு முறைகளைச் சுமீத் நாயருடன் சேர்ந்து மீனாட்சி மெய்யப்பன் எழுதிய 'தி பங்களா டேபிள்' என்னும் ஆங்கில நூல் 2014இல் வெளிவந்தது. அதற்கு முன்னரே, 2000ஆம் ஆண்டில், எஸ். முத்தையா, விசாலாட்சி இராமசாமி ஆகியோருடன் சேர்ந்து அவர் எழுதிய 'தி செட்டியார் ஹெரிட்டேஜ்' இச்சமூகத்தின் வாழ்வு முழுவதையும் பதிவு செய்திருந்தது.

பங்களாவைத் தொடர்ந்து மெய்யான மனைகளும் விடுதிகளாயின. கானாடுகாத்தானில் ஒரு தந்தை தம் மகளுக்கென்று கட்டிய விசாலம், வீடு ஆண்வழியே செல்லும் அச்சமூகத்தில் அரிய உதாரணம். கடியாபட்டியில் சிதம்பர விலாசும், கோத்தமங்கலத்தில் பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர்களான மிஷேல் ஆத்மான், பெர்னார் திராகோன் இருவரும் புதுப்பித்த சாரதா விலாசும் குறிப்பிடத்தக்கவை. இக்கிராமத் தொகுதிகள் 2014இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றன. எனினும் எல்லா மனைகளுக்கும் இவ்வழி பொருந்தாது. வீடு பங்காளிகள் அனைவர்க்கும் பொதுவாகையால் ஒவ்வொருவர் சம்மதமும் வேண்டும். முன்னோர்க்குப் படைப்பும் கலியாணமும் அங்கேயே நடத்த விரும்பும் குடும்பங்கள், ஆண்டில் சில நாட்களே திறந்தாலும், அவற்றைப் பிறர்க்கு விடச் சம்மதிப்பதில்லை.