இந்திய அறிவியல் கழகத்தில் பெண்கள்

பெங்களூரில் 1909இல் டாடா குடும்பத்தின் கொடையால் அமைந்த இந்திய அறிவியல் கழகத்தில், தொடக்க ஆண்டுகளில் பெண்கள் பற்றிய செய்தி சொற்பம். 1933இல் சேர்ந்த கமலா பாகவத்தை (பின்னாளில் கமலா சோஹோனி) முதல் மாணவி என எழுதுவது வழக்கம். 1920களிலேயே பெண்கள் பயின்றனர் என்பாரும் உளர்.

கமலாவின் தந்தையும் சிற்றப்பாவும் அங்கேயே வேதியியல் பயின்றவர்கள். பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் முதலிடம் பெற்றிருந்தும், பெண் என்பதால் அவருடைய விண்ணப்பத்தை அப்போதைய இயக்குநர் சர் சி. வி. ராமன் ஏற்கவில்லை. கமலா காந்திய வழியில் மறுப்பை எதிர்த்து நின்று இடம் பெற்றார். ஆனால் முதலாண்டில் முறையான மாணவியாகக் கருதப்படமாட்டார், ஆண் ஆய்வாளர்களின் கவனத்தைக் கலைக்கக் கூடாது என்பன போன்ற நிபந்தனைகள் இருந்தன. சீனிவாசய்யாவின் வழிகாட்டலில் பால், பருப்பு வகைகளின் புரதங்களை ஆராய்ந்தார். 1939இல் கேம்பிரிட்ஜில் முனைவரானார். அந்த ஆய்வேடு நாற்பது பக்க அளவினது என்பர். அறிவியலில் முனைவரான முதல் இந்தியப் பெண் இவர் எனப் பல நூல்கள் கூறினும், ஜானகி அம்மாள் 1931இலேயே மிச்சிகனில் ஆய்வுப் பட்டம் பெற்றுவிட்டதால் இக்கூற்றை அப்படியே ஏற்பதற்கில்லை. நாடு திரும்பியபின் கமலா பதநீரின் ஊட்டச்சத்தையும் ஆராய்ந்தார்.

பீருமேட்டில் பிறந்த அன்னா மாணி 1940இல் ராமனின் ஆய்வகத்தில் சேர்ந்தார். சென்னையில் அவர் பயின்றது மாநிலக் கல்லூரியிலா, பச்சையப்பன் கல்லூரியிலா என்பதில் நூல்கள் வேறுபடுகின்றன. எட்டாம் பிறந்தநாளில் வைரத்தோடு வேண்டாமென்று கலைக்களஞ்சியம் கேட்டு வாங்கியவர் என்பது அவரைப் பற்றித் தவறாமல் சொல்லப்படும் செய்தி. ஆய்வகத்தில் அவர் கைக்கு வந்தவை வைரங்களும் மாணிக்கங்களுமே. அவற்றின் நிறமாலையைப் பதிவுசெய்ய ஒளிப்படத் தட்டுகளைப் பதினைந்து, இருபது மணிநேரம் ஒளிபடச் செய்ய வேண்டியிருந்ததால், இரவுகளும் ஆய்வகத்திலேயே கழிந்தன. ஆண்களும் பெண்களும் கலந்து பேசுவதை ராமன் விரும்பாததால், உடன் ஆய்ந்தோருடன் விவாதிக்கும் வாய்ப்பு அவருக்குக் குறைந்தது. 1945இல் அளித்த ஆய்வேட்டுக்கு, முதுகலைப் பட்டம் இல்லை எனக் காட்டிச் சென்னைப் பல்கலைக்கழகம் முனைவர் பட்டம் தரவில்லை. இது விதியின் விளைவா, பாகுபாடா என்பதில் ஒருமித்த கருத்தில்லை. அன்னா மாணியே பெண் என்ற காரணத்தைப் பெரிதுபடுத்தியதில்லை. பின்னர் வானிலைத் துறையில் கருவிகளைத் தரப்படுத்தும் பணியில் புகழ்பெற்றார். ராமனின் ஆய்வகத்திலேயே இருந்த சுனந்தா பாய்க்கும் பட்டம் கிட்டவில்லை, இளமையிலேயே மறைந்தார்.

கணிதம் பயின்ற ராஜேஸ்வரி சாட்டர்ஜி, இயற்பியல் பட்டம் இல்லாததால் ராமனிடம் இடம் பெறாமல் மின்தொழில்நுட்பத் துறைக்குச் சென்றார். மிச்சிகனில் மேற்படிப்பு முடித்து 1953இல் கழகத்திலேயே ஆசிரியரானார். சாட்டர்ஜி என்பது கணவர் வழிப் பெயர். நுண்ணலைப் பொறியியலை இங்கு வேரூன்றச் செய்தவர்களில் ஒருவர்.

2008இல் இந்திய அறிவியல் அகாதெமி இத்தகைய பெண் அறிவியலாளரின் வாழ்க்கைக் குறிப்புகளை ‘லீலாவதியின் புதல்வியர்’ என்ற ஆங்கில நூலாகத் தொகுத்தது. உயர்கல்வி நிறுவனங்களில் பாலினச் சமன்மையை மதிப்பிட நடுவண் அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறை ‘கதி’ என்ற முன்னோட்டத் திட்டத்தை 2020இல் அறிவித்தது.