யாரும் சாகப் போறதில்ல

எங்கள் தொழிலில் ஒரு வாக்கியம் உண்டு. ராத்திரி 2 மணிக்கு சர்வர் படுத்துவிடும், கஸ்டமர் போனில் கத்துவார், டீமே வெளிறிப்போய் உட்கார்ந்திருக்கும். அப்போது சீனியர் ஒருத்தர் சொல்வார்: "விடுங்கப்பா, இதனால யாரும் சாகப் போறதில்ல." நானும் ஜூனியர் பசங்களிடம் சொல்லியிருக்கிறேன். ஆறுதலாகச் சொல்வதுதான். ஆனால் 1992 அக்டோபரில் லண்டனில் நடந்ததைப் படித்த பிறகு அது அவ்வளவு சுலபமாக வாயில் வருவதில்லை.

கதையைக் கொஞ்சம் முன்னாலிருந்து தொடங்க வேண்டும். 1935 நவம்பரில் லண்டன் விம்போல் தெருவில் ஒரு வீட்டில் தீப்பிடித்து 5 பெண்கள் இறந்தார்கள். தீயைப் பார்த்த அக்கம்பக்கத்துக்காரர் ஒருவர் தீயணைப்புப் படைக்குப் போன் செய்ய முயன்றார். தொலைபேசி நிலையத்தில் அவருடைய அழைப்பு, மற்ற சாதாரண அழைப்புகளோடு வரிசையில் கிடந்தது. கொதித்துப்போய் அவர் 'தி டைம்ஸ்' நாளிதழுக்குக் கடிதம் எழுதினார். விசாரணை நடந்தது. 1937 ஜூன் 30 அன்று லண்டனில் 999 என்ற அவசர எண் அறிமுகமானது. வரிசையில் நிற்கக்கூடாத அழைப்புகள் சில உண்டு என்பதை ஊருக்குப் புரியவைக்க 5 உயிர் தேவைப்பட்டிருக்கிறது.

55 வருஷம் கழித்து அதே ஊரில் மறுபடியும் வரிசை.

அன்றைய லண்டன் ஆம்புலன்ஸ் சேவை சுமார் 600 சதுர மைல் பரப்பில் 68 லட்சம் பேருக்கானது. வேலை மொத்தமும் காகிதத்தில் நடந்தது. அழைப்பை எடுப்பவர் விவரத்தைப் படிவத்தில் எழுதுவார், வரைபடப் புத்தகத்தில் இடத்தைத் தேடிக் குறிப்பார். படிவம் கன்வேயர் பெல்ட்டில் ஏறிப் போகும். ஒருத்தர் எல்லாவற்றையும் வாங்கி, ஒரே விபத்துக்கு வந்த இரண்டு மூன்று அழைப்புகளைக் கழித்து, பகுதிவாரியாகப் பிரித்துக் கொடுப்பார். அந்தப் பகுதியைப் பார்க்கிறவர் எந்த வண்டி சும்மா இருக்கிறது என்று பார்த்து அனுப்புவார். 3 நிமிஷத்துக்குள் இது முடியவேண்டும். கூட்டம் அதிகமானால் முடியாது.

ஆகவே கம்ப்யூட்டர் வைக்கலாம் என்றார்கள். தப்பில்லை, நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஏற்கெனவே ஒரு முயற்சியில் பல லட்சம் பவுண்டுகளைக் கொட்டி 1990-இல் கைவிட்டிருந்தார்கள். இந்த முறை சிக்கனம். ஆகக் குறைந்த விலை சொன்னவர்களுக்கு ஒப்பந்தம் போனது: மொத்தம் 10 லட்சம் பவுண்டுக்கும் குறைவு. கெடு 1992 ஜனவரி 8, சில மாதங்கள்தான். நடக்காத கெடு என்று சொன்னவர்கள் இருந்தார்கள், யாரும் காதில் வாங்கவில்லை. இந்த இடத்தில் நம்மில் பலருக்குச் சொந்த ஆபீஸ் ஞாபகம் வரும்.

கெடு தாண்டி, அக்டோபர் 26, திங்கட்கிழமை அமைப்பு முழுமையாக ஓடத் தொடங்கியது. தெரிந்தே சரிசெய்யாமல் விட்ட பிழைகள் அப்போது 81. முழுப் பாரத்தை ஏற்றிப் பார்த்த சோதனை கிடையாது. பழைய காகித முறையையும் எடுத்துவிட்டார்கள்.

அன்று நடந்ததை ஒரு இன்ஜினியராகப் படிக்கும்போது வயிற்றைப் பிசையும். ஒவ்வொரு வண்டியும் இந்த நொடியில் எங்கே இருக்கிறது, என்ன செய்கிறது என்று கம்ப்யூட்டருக்குத் துல்லியமாகத் தெரிந்தால்தான் அது சரியாக முடிவெடுக்கும். அங்கே சிக்னல் கிடைக்காத இடங்கள் உண்டு. அவசரத்தில் பொத்தானை மாற்றி அழுத்துகிற ஊழியர்கள் உண்டு. தகவல் கொஞ்சம் பிசகியது. பக்கத்தில் நிற்கும் வண்டியை விட்டுவிட்டு எங்கோ இருக்கும் வண்டியை அனுப்பியது, ஒரே வீட்டுக்கு இரண்டு வண்டிகளை அனுப்பியது. ஒவ்வொரு பிசகுக்கும் ஒரு எச்சரிக்கைச் செய்தி. செய்திகள் திரையை நிறைத்து, பழையவை மேலே ஏறிக் கண்ணிலிருந்து மறைந்தன. கவனிக்காத செய்திகள் புதுச் செய்திகளைப் பெற்றுப் போட்டன. வண்டி வராதவர்கள் திரும்பப் போன் செய்தார்கள். அது இன்னொரு அழைப்பு, இன்னொரு வரிசை.

பக்கவாதம் என்று அழைத்தவர் வீட்டுக்கு 11 மணி நேரம் கழித்து வண்டி போனது என்றும், இன்னொரு வீட்டை அடைந்தபோது உடலை அடக்கத்துக்கு எடுத்துப் போயிருந்தார்கள் என்றும் அன்றைய செய்திகளில் வந்தது. மறுநாள் மதியம் பாதி அமைப்பை நிறுத்தினார்கள். அக்டோபர் 28 அன்று சேவையின் தலைவர் பதவி விலகினார்.

நவம்பர் 4 அதிகாலை 2 மணி வாக்கில் மிச்சமிருந்ததும் உறைந்து நின்றது. காரணம் இதுதான்: 3 வாரம் முன்பு ஒரு புரோகிராமர் செய்த சின்ன மாற்றம். ஒவ்வொரு முறை வண்டி அனுப்பும்போதும் சர்வர் நினைவகத்தில் துளி இடத்தை எடுத்துக்கொள்ளும், திருப்பித் தராது. துளித்துளியாகச் சேர்ந்து ஒரு ராத்திரி நிரம்பிவிட்டது. மாற்று சர்வர் இருந்தது, கைகொடுக்கவில்லை. அந்த ஏற்பாட்டை யாரும் முழுசாகச் சோதித்திருக்கவில்லை.

அந்தப் புரோகிராமரை என்னால் வில்லனாகப் பார்க்க முடியவில்லை. அதே தப்பை நான் செய்திருக்கிறேன். என் தப்பில் ஒரு ரிப்போர்ட் தாமதமானது, அவ்வளவுதான். வித்தியாசம் கோடில் இல்லை, அந்தக் கோடு எந்த வாசலில் நிற்கிறது என்பதில் இருக்கிறது.

அப்படியானால் எத்தனை பேர் இறந்தார்கள்? இருபது, முப்பது என்று பத்திரிகைகள் எழுதின. 1993-இல் வந்த விசாரணை அறிக்கை, ஆம்புலன்ஸ் தாமதத்தால்தான் இவர் இறந்தார் என்று எந்த மரண விசாரணையும் முடிவு செய்யவில்லை என்றது. அறிக்கை பொய் சொல்லவில்லை. மாரடைப்பு வந்தவர் 40 நிமிஷம் காத்திருந்து இறந்தால், சான்றிதழில் மாரடைப்பு என்றுதான் இருக்கும். சீக்கிரம் வந்திருந்தாலும் அவர் இறந்திருக்கலாம். தவறான மருந்து கொடுத்தால் கொடுத்த கை ஒன்று இருக்கும், கேஸ் போடலாம். தாமதத்துக்குக் கை இல்லை. குறைந்த விலை கேட்டவர், கெடு வைத்தவர், சோதிக்காமல் விட்டவர், துளி நினைவகத்தை மறந்தவர் என்று அது பத்துப் பேரிடம் பிரிந்து கிடக்கிறது. 'நிரூபிக்க முடியவில்லை' என்பதும் 'யாரும் சாகவில்லை' என்பதும் ஒன்றல்ல.

எல்லாப் பழியையும் கம்ப்யூட்டர் மேல் போட்டாலும் கணக்கு நேராகாது. அதை அணைத்துவிட்டுக் காகிதத்துக்குத் திரும்பிய பிறகு, 1994-இல் லண்டனில் ஒரு சிறுமி ஆம்புலன்ஸுக்காக 50 நிமிஷத்துக்கு மேல் காத்திருந்து இறந்துபோனாள். அந்த முறை குற்றம் சொல்ல மென்பொருள் இல்லை. நோய் இன்னும் ஆழத்தில் இருந்தது.

அதன்பின் அவர்கள் நிதானமாக வேலை செய்தார்கள். 1996 ஜனவரியில் புதிய அமைப்பு வந்தது. வெளியாரிடம் கொடுக்காமல் உள்ளேயே, கட்டுப்பாட்டு அறையில் உட்காருகிறவர்களைக் கேட்டுக் கேட்டு, ஒவ்வொரு படியாகக் கட்டியது. அது நின்றது, விருதும் வாங்கியது. இந்தப் பாதியை எங்கள் தொழிலில் யாரும் பேசுவதில்லை. தோல்வியைத்தான் பாடமாக வைக்கிறார்கள்.

இங்கே நாம் 108-ஐ அழைக்கும்போதும் எங்கோ ஒரு திரையில் நம் பெயர் ஒரு வரியாக ஏறுகிறது. அந்தத் திரையை எழுதியவர் என்னைப் போன்ற யாரோ ஒருத்தர்தான். கெடு நெருக்கும்போது அவரிடம் ஒரு சீனியர் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும்.

போன மாசம் ஒரு ஜூனியர், டெஸ்ட் பண்ண இன்னும் 2 நாள் வேணும்ண்ணா என்று கேட்டான். அந்த வாக்கியம் தொண்டை வரைக்கும் வந்தது. எடுத்துக்கோ என்றேன்.