எல்லைக் கோட்டில் நிற்கும் செய்தி

மனிதன் தன் சொல்லைத் தான் செல்ல இயலாத இடத்துக்கு அனுப்ப முற்பட்ட நாள் முதலாக அவனுக்குத் தடையாய் இருப்பது தொலைவு என்றே நாம் எண்ணி வந்திருக்கிறோம். வரலாற்றைச் சற்று ஊன்றி நோக்குவோருக்கு அதனினும் பெரிய தடை ஒன்று புலப்படும். ஒரு கருவியிலிருந்து மற்றொரு கருவிக்கு, ஓர் அமைப்பிலிருந்து மற்றோர் அமைப்புக்குச் செய்தி தாண்டிச் செல்ல வேண்டிய எல்லைக் கோடே அது.

இன்று நம் இல்லங்களில் அன்றாடம் எழும் சலிப்புகளை எண்ணிப் பாருங்கள். புதிய கைப்பேசி வாங்கியவர் பழையதில் இருந்த உரையாடல்களைத் தேடுகிறார். அவை வந்து சேரவில்லை. கணினியில் காலையில் படித்த செய்தி, கைப்பேசியில் படிக்கப்படாததாகவே காத்திருக்கிறது. மகன் ஒரு செயலியில் எழுதுகிறான். மகள் வேறொன்றில் எழுதுகிறாள். பெற்றோர் இரண்டையும் மாறி மாறித் திறக்கின்றனர். இவற்றைப் புதிய காலத்தின் புதிய தொல்லைகள் என்று தள்ளிவிடுதல் எளிது. எனினும் இத்தொல்லைக்கு நீண்டதொரு முன்வரலாறு உண்டு.

ரைன் நதிக்கரையில்

தந்தி ஐரோப்பாவில் பரவத் தொடங்கிய காலத்தில் ஒவ்வொரு நாடும் தனக்கெனத் தனிக் கம்பியும் தனி முறையும் வைத்திருந்தது. ஒரு நாட்டின் கம்பி அதன் எல்லையோடு நின்றுவிடும். பிரான்ஸ் நாட்டுக்கும் ஜெர்மானியச் சிற்றரசாகிய பாடனுக்கும் இடையே, ஸ்திராஸ்பூர்க் நகரில் ஒரு பொது நிலையம் அமைக்கப்பட்டது. பாரிஸிலிருந்து வந்த செய்தியைப் பிரஞ்சு ஊழியர் தாளில் எழுதி, அருகிலிருந்த ஜெர்மானிய ஊழியரிடம் கொடுப்பார். அவர் அதைத் தம் மொழியில் பெயர்த்து, மறுபுறத்துக் கம்பியில் மீண்டும் தட்டி அனுப்புவார். மின்னலென வந்த செய்தி, மனிதக் கையில் தாளாகி, ஒரு மேசையைக் கடந்த பின்னரே மறுபடி மின்னலாயிற்று.

இந்நிலையை மாற்றியது புதியதோர் இயந்திரமன்று, ஓர் உடன்படிக்கை. 1865ஆம் ஆண்டு மே 17ஆம் நாள் 20 ஐரோப்பிய நாடுகள் பாரிஸில் கூடிச் சர்வதேசத் தந்தி ஒன்றியத்தை நிறுவின. 1874இல் பெர்ன் நகரில் அஞ்சலுக்கும் அத்தகைய ஒன்றியம் தோன்றியது. அதற்கு 20 ஆண்டுகள் முன்னரே, 1854இல், இந்தியாவுக்குள் கடிதத்துக்குத் தொலைவு பாராத ஒரே கட்டணம் வந்துவிட்டது. அனுப்புவோர் எந்த அமைப்பைச் சார்ந்தவர், பெறுவோர் எந்த அமைப்பைச் சார்ந்தவர் என்று கேளாமல் கடிதம் போய்ச் சேர வேண்டும் என்பதே இவற்றின் சாரம்.

எழுத்தின் எல்லை

தமிழருக்கு மற்றுமோர் எல்லையும் இருந்தது. லிஸ்பனில் 1554இல் வெளிவந்த தமிழ் மறைக்கல்வி நூல் தமிழ் மொழியில் அமைந்திருந்தும், உரோமன் எழுத்திலேயே அச்சாயிற்று. தமிழ் எழுத்துகளை வார்த்து, கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் 16 பக்க நூல் 1578இல் வெளிவரும் வரை, நம் மொழி அச்சு இயந்திரத்தினுள் வேற்று உடையில்தான் நுழைய முடிந்தது. இன்றும் இளைஞர் பலர் கைப்பேசியில் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டி அனுப்புவதைக் காணும்போது, அந்த லிஸ்பன் ஏடு நினைவுக்கு வராமல் போகாது. ஆனால் அன்று தமிழ் எழுத்து அங்கே இல்லை. இன்று இருந்தும் ஒதுங்கி நிற்கிறது.

கணினிக் காலத்திலும் இதே வழக்கு மீண்டது. 1990களில் ஒவ்வோர் எழுத்துருவும் தன் மனம்போன போக்கில் தமிழ் எழுத்துகளுக்கு எண்களைப் பங்கிட்டது. சென்னையில் எழுதிய கடிதம், வேறு எழுத்துரு கொண்ட கணினியில் கிறுக்கலாகத் தெரிந்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழிணையம்99 மாநாட்டை ஒட்டி, டாம், டாப் என்னும் குறியீடுகளையும் தமிழ்99 விசைப்பலகையையும் தமிழக அரசு ஏற்றது. 1991 முதலே தமிழுக்கு இடம் தந்திருந்த யூனிகோடு, நாளடைவில் உலகெங்கும் நிலைபெற்றது. 2010இல் தமிழக அரசும் அதனை ஏற்றது. கைப்பேசியில் தமிழ் எழுத வழிசெய்த ‘செல்லினம்’ 2005இல் வெளிவந்தது. அப்போதும் ஒரு குறை எஞ்சியிருந்தது. ஆங்கிலத்தில் 160 எழுத்துகளைக் கொண்ட ஒரு குறுஞ்செய்தி, தமிழில் 70 குறியீடுகளையே தாங்கியது. ‘கை’ என்னும் ஓரெழுத்தே அவற்றுள் இரண்டை எடுத்துக்கொண்டது. அதே செய்தியை அனுப்பத் தமிழர் கூடுதலாகச் செலவிட நேர்ந்தது.

முதல் குறுஞ்செய்தியின் கதையும் நோக்கத்தக்கது. 1992 டிசம்பர் 3ஆம் நாள் இங்கிலாந்தில், கணினி ஒன்றிலிருந்து கைப்பேசி ஒன்றுக்குக் கிறிஸ்மஸ் வாழ்த்து அனுப்பப்பட்டது. பெற்றவரால் அதே வழியில் மறுமொழி எழுத இயலவில்லை. அக்கருவியில் எழுதும் வசதி இல்லை. இரு வேறு கருவிகளுக்கிடையே பிறந்த அந்தச் செய்தி, பிறக்கும்போதே ஒருவழிப் பாதையாக இருந்தது.

நெடுஞ்சாலை சொல்லும் பாடம்

பூவிருந்தவல்லிக்கு மேற்கே, பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டி, ஆழ்வார் ஒருவரின் பெயரோடு இணைந்த பழம்பதி திருமழிசை. 2020 மே மாதம், கோயம்பேட்டில் கொரோனா பரவியபோது, காய்கறி மொத்தச் சந்தை இவ்வூருக்கு மாற்றப்பட்டது. செப்டம்பர் இறுதியில்தான் அது மீண்டும் கோயம்பேடு சென்றது. கடைகளின் முகவரி சில நாள்களுக்குள் மாறிவிட்டது. வணிகரின் கைப்பேசி எண்ணோ மாறவில்லை. எண் ஒன்று நிலைத்திருந்தால் மனிதரைக் கண்டடைய முடியும் என்பதற்கு அந்நாள்கள் சான்று.

அந்த எண்ணும் ஒரு காலத்தில் நிறுவனத்தின் உடைமையாகவே இருந்தது. நிறுவனத்தை மாற்றினால் எண்ணை இழக்க வேண்டும். 2011 ஜனவரி 20 முதல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்த ஏற்பாட்டால், எண்ணை வைத்துக்கொண்டே நிறுவனத்தை மாற்றும் உரிமை மக்களுக்குக் கிடைத்தது. எண்ணுக்குக் கிடைத்த இவ்வுரிமை, அந்த எண்ணில் நடந்த உரையாடல்களுக்குக் கிடைக்கவில்லை.

அதே நெடுஞ்சாலையில் மேலும் மேற்கே சென்றால் திருப்பெரும்புதூர் வரும். 2006இல் அங்கே நோக்கியா நிறுவனம் கைப்பேசித் தொழிற்சாலை தொடங்கியது. இப்பகுதி இளைஞரும் இளம்பெண்களும் ஆயிரக்கணக்கில் அங்கே பணியாற்றினர். வரி வழக்கு, மைக்ரோசாஃப்ட் நிறுவனத்துடனான விற்பனையில் இடம்பெறாமை ஆகியவற்றின் முடிவில், 2014 நவம்பர் 1ஆம் நாள் அதன் உற்பத்தி நின்றது. நான்கு ஆண்டுகள் கழித்து, 2018 டிசம்பர் 31உடன், நோக்கியாவின் எஸ்40 வகைக் கைப்பேசிகளில் வாட்ஸ்அப் இயங்குவதும் முடிவுக்கு வந்தது. கருவி பழுதாகவில்லை, விசைகள் தேயவில்லை. மறுமுனையில் ஒரு கதவு சாத்தப்பட்டது, அவ்வளவே.

பூட்டும் திறவுகோலும்

2009இல் தோன்றிய வாட்ஸ்அப், தொலைபேசி எண்ணையே ஒருவரின் அடையாளமாகக் கொண்டது. 2015இல் கணினியிலும் அதனைக் காண வழி பிறந்தது. ஆனால் கைப்பேசி அணைந்தால் கணினியும் வாய் மூடிக்கொள்ளும். 2016 ஏப்ரல் முதல், அனுப்புவோரும் பெறுவோரும் தவிர வேறெவரும் படிக்க இயலாதபடி செய்திகள் பூட்டி அனுப்பப்படுகின்றன. திறவுகோல் நிறுவனத்திடம் இல்லாமல் அவரவர் கருவியிலேயே இருக்கிறது. ஆகவே, ஒருவர் இரண்டு கருவிகள் வைத்திருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனித் திறவுகோல் வேண்டும். இச்சிக்கலைத் தீர்த்து, கைப்பேசி அணைந்திருந்தாலும் இணைந்த நான்கு கருவிகளில் செய்தி பெறும் ஏற்பாடு 2021இல்தான் சோதனைக்கு வந்தது. இன்றைய சலிப்புகளில் ஒரு பகுதி, நம் அந்தரங்கத்தைக் காப்பதற்கு நாம் செலுத்தும் விலை என்பதை நேர்மையுடன் ஒப்புக்கொள்ளவே வேண்டும்.

எல்லாவற்றையும் அவ்வாறு சொல்லிவிட முடியாது. ஆண்ட்ராய்டு கைப்பேசி தன் சேமிப்பை ஒரு நிறுவனத்தின் கிடங்கில் வைக்கிறது. ஐபோன் வேறொன்றின் கிடங்கில் வைக்கிறது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு உரையாடல்களைக் கொண்டுசெல்ல முறையான வழி 2021, 2022 ஆண்டுகளில்தான் திறந்தது. ஒரு செயலியிலிருந்து வேறு செயலிக்கு எழுத இன்றும் நமக்கு வழியில்லை. வெளியேற இயலாத வாடிக்கையாளர் வணிகருக்கு இலாபம். ஐரோப்பிய ஒன்றியம் தன் எண்ணியல் சந்தைச் சட்டத்தால் 2024 மார்ச் முதல் வாட்ஸ்அப் போன்ற பெருஞ்செயலிகள் பிறவற்றுக்கும் வழிவிட வேண்டும் எனக் கடமை விதித்தது. ஸ்திராஸ்பூர்க் மேசையிலிருந்து ஏறத்தாழ 170 ஆண்டுகளுக்குப் பின், அதே கண்டம் அதே கேள்விக்குத் திரும்பியிருக்கிறது.

நாம் எதை இழக்கிறோம்?

நம் பங்குகளில் காக்கப்பட்டு வரும் பழைய ஞானஸ்நானப் பதிவேட்டைத் திறந்தால், மை மங்கியிருக்கும், ஓரங்கள் பொடிந்திருக்கும். ஆயினும் பாட்டனாரின் பெயரைப் படிக்க எந்த நிறுவனத்தின் அனுமதியும் வேண்டியதில்லை. நம் காலத்தின் குடும்பப் பதிவேடோ கைப்பேசிக்குள் இருக்கிறது. மறைந்துபோன தாயார் “சாப்பிட்டாயா?” என்று கேட்ட குரல், வெளிநாட்டிலிருந்து மகன் அனுப்பிய முதல் படம், நோயாளிக்காக உறவினர் எழுதிய ஆறுதல் வரிகள் யாவும் அங்கேயே இருக்கின்றன. கருவி மாறும் ஒரு மாலைப்பொழுதில் அவை எல்லைக் கோட்டிலேயே நின்றுவிடக் கூடும்.

எனவே, சட்டங்கள் வரும்வரை காத்திராமல் ஒவ்வோர் இல்லமும் செய்யத்தக்கவை சில உண்டு. பழைய கைப்பேசியை விற்குமுன் அதிலுள்ள குரல்களையும் படங்களையும் தனியே எடுத்து இரண்டு இடங்களில் வைக்கலாம். மிக அருமையானவற்றைத் தாளில் அச்சிட்டுக்கொள்ளலாம். வீட்டிலுள்ள இளையோர் பெரியோருக்காக ஒரு மணி நேரம் ஒதுக்கி, பொறுமையுடன் இதைச் செய்து தரலாம். பிரஞ்சுக்காரர் எழுதிய தாளை வாங்கி மறுபுறம் சேர்த்த அந்த ஊழியரின் பெயர் நமக்குத் தெரியாது. செய்தி சென்று சேர்ந்தது அவர் கையால்தான். நம் வீடுகளிலும் அத்தகைய ஒரு கை இன்று தேவைப்படுகிறது.