தோசைக்கு ஒரு பர்மியப் பெயர்

இன்றைய உரைக்கு 'ரங்கூன்: சுவையும் பண்பாடும்' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். ரங்கூன் என்றாலே நம்மவர்கள் மொகல் தெருவுக்குப் போய்விடுவார்கள். செட்டியார்களின் வட்டிக்கடைகள் இருந்த தெரு அது. இல்லையென்றால், தமிழர்கள் 1871இல் கட்டிய காளி கோயிலுக்கு. நான் அங்கிருந்து வடக்கே சில மைல் தள்ளி இருக்கும் இன்சீனிலிருந்து தொடங்குகிறேன்.

இன்சீன் என்றதும் உலகத்துக்கு நினைவு வருவது சிறைதான். வெள்ளைக்காரர்கள் கட்டியது, சக்கரத்தின் ஆரங்களைப் போல நடுவிலிருந்து பிரியும் கட்டடங்கள். ஆனால் சிறைக்கு முன்பே இங்கே ரயில் வந்துவிட்டது. ரங்கூன் – புரோம் பாதை திறந்தது 1877இல். பின்னால் ரயில்வேயின் பெரிய பணிமனையும் இங்கே அமைந்தது. பர்மா ரயில்வேயில் வேலை பார்த்தவர்களில் பெரும்பகுதி இந்தியர்கள். 1937 ஏப்ரல் வரை பர்மா இந்தியாவின் ஒரு மாகாணம்தானே! சென்னையில் கப்பல் ஏறினால் ரங்கூனில் இறங்கலாம், கடவுச்சீட்டு வேண்டாம். 1931 கணக்கெடுப்பில் ரங்கூன் மக்கள் ஏறத்தாழ 4 லட்சம் பேர். அதில் பாதிக்கு மேல் இந்தியர்கள்.

இனி சாப்பாட்டுக்கு வருவோம். சென்னை பாரிமுனைப் பக்கம் போனவர்கள் அத்தோ சாப்பிட்டிருப்பீர்கள். பர்மியத்தில் 'அதோ' என்றால் கையால் பிசைந்தது என்று பொருள். இங்கே நூடுல்ஸில் கடலை மாவு, புளித்தண்ணீர், கோஸ், இறால் பொடி, பூண்டு எண்ணெய் எல்லாம் போட்டுப் பிசைவார்கள். சென்னையில் அதற்குக் காரமும் சிவப்பு நிறமும் கூடிவிட்டன. மொஹிங்காவில் கிடந்த வாழைத்தண்டு, அங்கே தனி சூப்பாகிவிட்டது. எனக்குச் சென்னை அத்தோவும் பிடிக்கும். இரண்டில் எது அசல் என்று சண்டை போடுவது வீண்.

இது ஒருவழிப் பயணம் அல்ல. யாங்கோன் தெருக்களில் தோசை சுடுகிறார்கள், பெயர் 'தோஷே'. பர்மிய எழுத்தில் அதை எழுதும் விதத்தைப் பிரித்துப் படித்தால் 'குட்டை', 'நீளம்' என்று இரண்டு சொற்கள் வரும். நம் ஊர்ச் சொல் அவர்கள் வாயில் விடுகதையாகிவிட்டது. புரோட்டாவும் அப்படியே, இங்கே 'பலாத்தா'.

சொல்லுக்குக் கிடைத்த இடம் ஆளுக்குக் கிடைத்ததா என்றால், அங்கேதான் சிக்கல். 1930 மே மாதத்தில் துறைமுக வேலையை ஒட்டிக் கலவரம். 1941 டிசம்பர் 23இல் ஜப்பானியக் குண்டு விழுந்தது. லட்சக்கணக்கானோர் மலைகளைக் கடந்து நடந்தார்கள். 1949இல் இன்சீனே போர்க்களமானது. கரேன் படையினர் ஊரைப் பிடித்து வைத்திருக்க, ஜனவரி கடைசியிலிருந்து மே வரை சண்டை. 1964இல் நெ வின் அரசு கடைகளைத் தேசியமயமாக்கியது, பெரிய நோட்டுகள் செல்லாது என்றது. கப்பல் கப்பலாகத் திரும்பினார்கள். அத்தோ சென்னைக்குப் போனது அவர்களோடுதான். தங்கியவர்களுக்கு 1982இன் குடியுரிமைச் சட்டம் வந்தது. 1823க்கு முன் இங்கே வேரூன்றிய இனங்கள்தான் இயல்பான குடிமக்கள் என்கிறது அது. ரயில் வந்ததே 1877இல் என்று சொன்னேன் இல்லையா, கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இலக்கியக் கூட்டம் என்பதால் இதையும் சொல்கிறேன். வெ. சாமிநாத சர்மா ரங்கூனில் 'ஜோதி' இதழை நடத்தினார். 1942இல் நடந்தே இந்தியா போய்ச் சேர்ந்து, அந்த நடையைப் புத்தகமாக எழுதினார். செட்டியார்களுக்குக் கணக்கேடுகள் இருந்தன. ஆய்வாளர்கள் இன்றும் புரட்டுகிறார்கள். கொதிகலனுக்குக் கரி அள்ளியவர் என்ன எழுதி வைத்திருப்பார்? அதிகம் போனால் ஒரு வேலைச் சான்று, ஊருக்குப் போட்ட ஒரு கடிதம்.

கேட்டுக்கொண்டிருப்பவர்களில் தாத்தா பர்மாவில் இருந்தவர் என்று சொல்லக்கூடியவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள். வீட்டுப் பெட்டியில் அப்படி ஒரு தாள் இருந்தால் எடுத்துப் பாருங்கள். ரங்கூன் என்று இருக்கிறதா, இன்சீன் என்று இருக்கிறதா, என்ன வேலை என்று போட்டிருக்கிறது? இருபுறமும் படம் எடுத்து, வீட்டில் மூத்தவர் யாராவது இருக்கும்போதே அதைப் பற்றிக் கேட்டு எழுதி வையுங்கள். இனி உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன்.