அணைக்கு முன்னால் ஒரு குட்டிக் கரண்ட்டு

லஸ் பக்கம் மெட்ரோ வேலை ஆரம்பித்ததிலிருந்து எங்கள் வீட்டில் தினம் ஒரு புலம்பல். ஜெனரேட்டர் சத்தம். நானும்தான் புலம்பினேன். ஒரு ராத்திரி தூக்கம் வராமல் மொட்டை மாடியில் நின்றபோது வேறொரு கேள்வி வந்தது: இந்த வேலைக்காவது ஊருக்குள் கரண்ட் இருக்கிறது, போதாததற்கு டீசல் இருக்கிறது. கரண்ட்டே இல்லாத காட்டில் முதல் மின் நிலையத்தைக் கட்டினார்களே, அதற்குக் கரண்ட் எங்கிருந்து வந்தது?

தேட ஆரம்பித்தால் நேரே நீலகிரியில் போய் நின்றேன்.

மதராஸ் அரசாங்கம் மின்சாரத்துக்கென்று தனி இலாகா தொடங்கியது 1927-ல். தலைமைப் பொறியாளர் ஹென்றி ஹோவர்ட். அவர் கையில் எடுத்த பெரிய வேலை பைக்காரா. மேலே ஆற்றை மறித்து, மூவாயிரம் அடிக்கும் மேலான உயரத்திலிருந்து இரும்புக் குழாய் வழியாகத் தண்ணீரை இறக்கி, அடிவாரத்துச் சிங்காராவில் டர்பைன் சுற்ற வேண்டும். அவ்வளவு செங்குத்தான சரிவில் குழாய்களையும் இயந்திரங்களையும் ஏற்றி இறக்க விஞ்ச் வேண்டும், பட்டறை வேண்டும், ராத்திரி வேலைக்கு விளக்கு வேண்டும். இதற்கெல்லாம் மின்சாரம்? முதலில் கிளென்மார்கனில் ஒரு சின்ன நீர்மின் நிலையம் போட்டார்கள். அந்தக் குட்டி நிலையத்தின் உதவியோடுதான் பெரியது எழும்பியது. 1932-ல் பைக்காரா ஓட ஆரம்பித்தது. கோயம்புத்தூர் மில்கள் மளமளவென்று பெருகின. பைக்காரா பேர் பள்ளிப் புத்தகத்தில் இருக்கிறது. கிளென்மார்கன் என்றால் இன்று பலருக்கு ஊட்டி டூரில் போகிற தேயிலைத் தோட்டம், அவ்வளவுதான்.

இரண்டாவது கதை இன்னும் சுவாரசியம். மேட்டூர். வேலை தொடங்கியது 1925, முடிந்தது 1934. தண்டவாளத்தின் மேல் நகர்கிற ராட்சதக் கோபுரங்களை வைத்துக் கான்கிரீட் கொட்டிக் கட்டிய அணை அது. மாட்டையும் ஆளையும் மட்டும் நம்பி நடக்கிற வேலையில்லை. மின்சாரம் ஏராளமாக வேண்டும். அது வந்தது மைசூர் சமஸ்தானத்தின் சிவசமுத்திரத்திலிருந்து!

சிவசமுத்திரம் அப்போதே பழைய கை. 1902-லேயே அங்கிருந்து கோலார் தங்கச் சுரங்கத்துக்கு ஏறக்குறைய 147 கிலோமீட்டர் கம்பி இழுத்து மின்சாரம் அனுப்பியவர்கள். அந்தக் காலத்தில் உலகத்திலேயே மிக நீளமான மின்பாதைகளில் ஒன்று அது.

இதில் ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். காவிரித் தண்ணீருக்காக மைசூரும் மதராஸும் வருஷக்கணக்கில் இழுபறி பண்ணி, 1924-ல்தான் ஒப்பந்தம் போட்டன. மேலே கிருஷ்ணராஜ சாகர், கீழே மேட்டூர். ஒப்பந்தத்தின் மை காய்ந்த கொஞ்ச வருஷத்தில், கீழ் அணையைக் கட்ட மேல்காரரே கரண்ட் விற்கிறார். காவிரியே மேலே அருவியாய் விழுந்து மின்சாரமாகி, கம்பி வழியாக இறங்கி வந்து, கீழே தன்னைத் தடுக்கும் சுவரைக் கட்டிக்கொடுத்தது என்று சொன்னால் தப்பில்லை. காவிரி என்றாலே சண்டை என்று படித்துப் பழகிய நமக்கு இந்தப் பக்கம் யாரும் சொல்லித் தரவில்லை.

அதன்பிறகு இந்தச் சங்கிலி அறுபடவே இல்லை. பைக்காரா கழித்த தண்ணீரை வைத்து 1952-ல் மோயாறு. அடுத்து, கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா உதவியோடு குந்தா. அப்போது மலையில் ஏற்கெனவே கம்பி ஓடிக்கொண்டிருந்தது. முதல் நிலையத்துக்கு மட்டும்தான் வெறுங்கையோடு தொடங்குகிற கஷ்டம்.

நமக்குத் தெரிந்ததுதானே இது? பழைய வீட்டை இடித்து ஃபிளாட் கட்டினால் முதலில் தற்காலிக இணைப்புக்கு எழுதிக்கொடுத்து, கூடுதல் கட்டணம் கட்டுகிறோம். வீடு முடிந்ததும் அந்த மீட்டர் போய்விடும், யார் ஞாபகத்திலும் இருக்காது. கல்வெட்டில் திறந்துவைத்தவர் பேர் இருக்கும். கட்டுவதற்கு வெளிச்சம் கொடுத்தது எது என்று இருக்காது.

லஸ் ஜெனரேட்டர் இன்னும் கத்திக்கொண்டுதான் இருக்கிறது. சுரங்க வேலையில் கரண்ட் போனால் உள்ளே இருப்பவர்களுக்குக் காற்றும் நிற்கும், தண்ணீர் இறைக்கிற பம்ப்பும் நிற்கும். அது தெரிந்த பிறகு என் புலம்பல் பாதியாகிவிட்டது. முழுசாகப் போகவில்லை, தூக்கம் தூக்கம்தானே.

உங்கள் தாத்தா, கொள்ளுத்தாத்தா யாராவது பைக்காராவிலோ மேட்டூர் கேம்ப்பிலோ வேலை பார்த்திருந்தால், வீட்டில் கேட்ட கதையை எழுதி அனுப்புங்கள். அந்த விளக்குகளுக்குக் கீழே நின்றவர்களைப் பற்றித்தான் அடுத்து எழுத ஆசை.